ஆவன்னாவுக்கு ஒரு வாய்

என் மேசையில் எப்போதும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். கையகல வட்டக் கண்ணாடி, எங்கள் ஊர் குருண் சந்தையில் வாங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இந்த வயசுலயும் அழகு பார்க்கிறீங்களா லா" என்று கேலி செய்வார்கள். சிரித்துவிட்டுச் சும்மா இருப்பேன். படம் வரைகிறவனுக்கு அதுவும் பேனா மாதிரி ஒரு சாமான். கார்ட்டூனில் ஒரு அணில் "வா" என்று கூப்பிட வேண்டுமென்றால், முதலில் நான் கண்ணாடியைப் பார்த்து "வா" என்று சொல்ல வேண்டும். என் உதடு எப்படிக் குவிகிறது, எப்படித் திறக்கிறது என்று பார்த்து, அதைத்தான் அணிலுக்கு வரைய வேண்டும். அணிலின் வாயில் அசைவது என் வாய்.

எனக்கு இரண்டு வேலை. கோலாலம்பூரிலிருந்து வருகிற ஒரு தமிழ் மாத இதழுக்கு அட்டைப்படம் வரைவது ஒன்று. ஜித்ராவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் சின்னக் கம்பெனிக்குப் பிள்ளைகளுக்கான தமிழ்க் கார்ட்டூன் வரைந்து அசைத்துக் கொடுப்பது இன்னொன்று. படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாரம் மூன்றோடு, பதினைந்து வயதில் நின்றவன். கை வரைந்தது, அதன் பின்னால் நான் போனேன். ரப்பர் தோட்டத்துக் கோயிலில் சுவருக்குச் சாயம் அடிக்கப் போன இடத்தில், அம்மன் முகத்துக்குக் கண் எழுதச் சொன்னார்கள். அங்கேதான் ஆரம்பம். அதற்கப்புறம் எந்தப் படத்துக்கும் நான் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவேன். குளித்து, விளக்கேற்றி, கண் எழுதி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படத்தை அனுப்புவது. இப்போது கம்ப்யூட்டரில் வரைந்தாலும் அப்படித்தான். பேனாவுக்கு விபூதி வைப்பேன். "அப்பா, ஸ்கிரீன் கெட்டுப் போயிடும்" என்று மகள் சத்தம் போடுவாள். இதுவரை கெட்டுப் போகவில்லை.

மேசை வீட்டின் முன்னறையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சன்னல் வழியாகப் பார்த்தால் ஜெராய் மலை தெரியும். மழை வருகிற நாளில் மலை இருக்காது.

அட்டைப்படத்தில் நான் வரைகிற பெண்கள் எல்லோரும் என் மனைவியைப் போலவே இருப்பார்கள். வேண்டுமென்று செய்ததில்லை. கல்யாணமான புதிதில் முகம் வரையப் பழக ஆள் வேண்டியிருந்தது. கோலா கெடாவிலிருந்து வருகிற நெத்திலிக் கருவாட்டை மடியில் தட்டோடு வைத்துத் தலை கிள்ளிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான். அப்படியே பழகிப் போன கை. பொங்கல் மலரில் பானைக்குப் பக்கத்தில் நிற்பவளும் அவள்தான், தைப்பூச இதழில் பால்குடம் தூக்கியவளும் அவள்தான். அடுத்த வீட்டு அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, போன வருசம் கால் வலிக்குதுன்னு பால்குடம் எடுக்காம ஏமாத்திட்டு, புஸ்தகத்துல மட்டும் எடுத்திருக்க?"

"அவருக்கு வேற மூஞ்சி வரையத் தெரியாதுக்கா. அதான் சங்கதி" என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொள்வாள். கோயிலில் யாராவது தெரியாத பெண் அவளை உற்றுப் பார்த்தால், "புஸ்தகத்துல பார்த்திருப்பா" என்று என் காதில் சொல்வாள். அந்தச் சின்னப் பெருமை அவளுக்கு இருந்தது. இருக்கட்டுமே என்று நினைப்பேன். நான் அவளுக்குப் பெரிதாக வேறொன்றும் செய்துவிடவில்லை.

அவள் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு அட்டையும் வீட்டைவிட்டுப் போனதில்லை. பின்னால் வந்து நிற்பாள். ஏதாவது ஒரு குறை சொல்வாள். "மூக்குத்திய எடப்பக்கம் போட்டுட்டீங்க, எனக்கு வலது." "இப்படி இடுப்புல குடத்த வச்சா தண்ணி கொட்டிரும்." அதேபோல இதழ் அச்சாகி வந்தால் அவள்தான் முதலில் பிரிக்க வேண்டும். கடையில் வாங்கிய கையோடு நான் பார்க்க மாட்டேன், சுருட்டியபடியே கொண்டுவந்து கொடுப்பேன். அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் சாமி படங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கற்பூரத் தட்டு கையில். "ஏங்க" என்று எப்போதும் கூப்பிடுவாள், நான் போய் மணி அடிக்க வேண்டும். அன்று "ஏ" மட்டும் வந்தது, அதுவும் இழுத்துக்கொண்டு வந்தது. தட்டு விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வலது பக்க வாய் கீழே இறங்கியிருந்தது. எத்தனையோ வாய்கள் வரைந்தவன் நான், அப்படி ஒரு வாயைப் பார்த்ததில்லை. எரிகிற கற்பூரத்தை மிதித்து அணைத்துவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தேன். அடுத்த வீட்டு அக்காவின் மகன் காடியைக் கிளப்பி ஓட்டினான். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரி வரைக்கும் என் தோளில் சாய்ந்தபடியே வந்தாள். வழி நெடுக ஏதோ சொல்லப் பார்த்தாள். நான் "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

உயிர் தங்கியது, அதற்கு முருகனுக்கு நன்றி. கொஞ்ச நாளில் கோல் ஊன்றி நடக்கவும் செய்தாள். வலது கை மட்டும் ஒத்துழைக்கவில்லை. எல்லாம் புரிந்தது அவளுக்கு. சோற்றில் உப்பு இல்லை என்றால் தட்டைத் தள்ளுவாள். பேச்சுதான் வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும், சொல் ஆகாமல் பாதியில் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் பேச்சு அவளுடையது. நான் அதிகம் பேசாதவன், குனிந்து படம் வரைகிறவன். பால்காரரோடு பேசுவது, மகளோடு போனில் பேசுவது, சாமியோடு சண்டை போடுவது எல்லாம் அவள்தான். அது நின்றதும் வீடு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. தினமும் விளக்கேற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கை வராட்டியும் பரவாயில்லை, பேச்சைக் கொடு. ஒரு வரி முழுசாகப் பேசட்டும், அது போதும் என்று கேட்டேன்.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழமும் மால்ட் டின்னும் கொண்டுவந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் காது கேட்காதவளிடம் பேசுவது போல எல்லோரும் உரக்கப் பேசினார்கள். "பேசுங்கக்கா, பேசிப் பாருங்க, அப்பத்தானே வரும்" என்பார்கள். அவள் பேசப் பார்க்கும்போது அவர்கள் கண் அவள் வாயிலேயே நிற்கும், பிறகு சட்டென்று வேறு பக்கம் போகும். அதை அவள் கவனித்தாள். அதற்கப்புறம் கேட் சத்தம் கேட்டாலே எழுந்து அறைக்குள் போய்விடுவாள். போகிற போக்கில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். குளியலறைக் கண்ணாடியில் ஒரு துண்டு தொங்கியது. அவள்தான் போட்டிருந்தாள். நான் அதை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்க்காரப் பெண், சின்ன வயது, ரொம்பப் பொறுமையானவர். பூனைப் படம் காட்டி "குச்சிங்" என்பார், குடை காட்டி "பாயோங்" என்பார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலாய்க்காரர்களோடு மலாயிலேயே பேரம் பேசி ஜெயித்தவள் என் மனைவி. அந்த மலாய் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண், மாமா என்று மலாயில் கூப்பிட்டு, என்னிடம் சொன்னார்: "பாக்சிக், சின்ன வயசுல பேசின பாஷைதான் முதல்ல திரும்பி வரும்போல இருக்கு. எனக்குத் தமிழ் தெரியாது. வீட்டுல நீங்க தமிழ்ல செய்யுங்க. கண்ணாடி பார்த்து உதட்டை அசைக்கணும், அது முக்கியம்." சொல்லிவிட்டு மேசைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி எடுத்தார். என் மேசையில் இருப்பது போலவே கையகலக் கண்ணாடி. என் மனைவி இடது கையால் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று குருணுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கண்ணாடிதானே வேண்டாம், வாயை நான் வரைந்து காட்டுகிறேன். என் தொழிலே அதுதானே. கார்ட்டூனுக்கு எல்லா எழுத்துக்கும் தனித்தனி வாய் வரைய வேண்டியதில்லை. ஆவன்னாவுக்கு அகலத் திறந்த வாய், ஈயன்னாவுக்குப் பல் தெரிகிற வாய், ஊவன்னாவுக்குக் குவிந்த வாய், மானாவுக்கும் பானாவுக்கும் மூடிய வாய். இப்படிக் கொஞ்சம் வாய்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் எந்தப் பொம்மையும் பேசிவிடும். அணில் பேசியது, ஆமை பேசியது. என் மனைவியைப் பேச வைக்க மாட்டேனா என்று நினைத்தேன்.

ஜித்ரா வேலையை ஒத்திவைத்துவிட்டு அதில் உட்கார்ந்தேன். ஆசை ஆசையாக வரைந்தேன். அட்டைப்படத்தில் வரைகிற அதே முகம். பொட்டு, வலது பக்கம் மூக்குத்தி, காதோரம் மல்லிகை. உதடு அழகாகத் திறந்து "ஆ" என்றது, குவிந்து "ஊ" என்றது. என் குரலைச் சேர்த்தேன். கடைசியில் கண் எழுதி, கும்பிட்டு, அவளைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தேன்.

பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்த மாதிரிதான் இருந்தது. படத்தில் வாய் திறந்தது. அவளும் திறக்கப் பார்த்தாள். பிறகு இடது கை மெல்ல மேலே போனது. தொங்கிய கன்னத்தை விரலால் தூக்கி, படத்தில் இருப்பது போல நிறுத்திப் பார்த்தாள். விட்டதும் இறங்கியது. மறுபடி தூக்கினாள். அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் கெஞ்சினேன், கோபப்பட்டும் பார்த்தேன். முன்னால் வந்துகொண்டிருந்த அந்த அரைச் சத்தமும் நின்று போனது.

மகள் சுங்கைப்பட்டாணியில் கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து வார இறுதியில் வந்தாள். நான் செய்ததைக் காட்டினேன். இதைப் பார்த்தாலே பேச வந்துவிடும், அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று சொன்னேன். அவள் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள்.

"யாருப்பா இது?"

"அம்மாதான்."

"எந்த அம்மா?"

நான் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினேன்.

"ஏம்ப்பா, அவங்க கண்ணாடியே வேணாங்கறாங்க. நீங்க கண்ணாடிய விட மோசமானத கொண்டாந்து முன்னால வச்சிருக்கீங்க. போனத காட்டிட்டு, இந்த மாதிரி பேசுன்னா அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரே முகத்தை வரைந்ததில், அந்த முகம் எனக்கு எதிரே உட்கார்ந்து மாறிப் போனது என் கைக்குத் தெரியவில்லை. அந்தப் படங்களை எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜித்ராவில் இருந்து போன் வந்துகொண்டே இருந்தது, காக்கா எபிசோட் எங்கே என்று. எப்போதும் பசியோடு அலைகிற ஒரு காக்கா, பிள்ளைகளுக்குப் பிடித்த பாத்திரம். மறுபடி அந்த வேலையில் உட்கார்ந்தேன். அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் என் மனைவி குளித்துவிட்டு, பின்வாசல் மதிலில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். உடம்பு முடியாமல் போன பிறகும் இடது கையால் வைத்தாள். கூப்பிடத்தான் முடியாது. சோற்றை வைத்துவிட்டு நின்று பார்ப்பாள், காக்கா அதுவாக வந்தால் உண்டு.

நான் திரையில் காக்காயின் அலகைத் திறந்து மூடி, "கா, கா, சோறு எங்கே?" என்று ஓடவிட்டுச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையால் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கா."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று பயம். மறுபடி ஓடவிட்டேன்.

"கா" என்றாள், கொஞ்சம் பலமாக.

அடுத்த வீட்டு அக்கா வேலிப் பக்கமிருந்து, "என்னா லா, உங்க கார்ட்டூன் காக்காய்க்கு நெஜக் காக்கா வந்து மதில்ல நிக்குது" என்றார். கத்தியது யார் என்று அவருக்குத் தெரியாது. என் மனைவியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. எனக்கு அது முழுசாகவே தெரிந்தது.

காக்காய்க்கு உதடு கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவளால் அதோடு பேச முடிந்தது என்று பிறகு புரிந்தது. அன்றிலிருந்து கம்பெனி வேலை முடிந்த பிறகு அதே காக்காயை வைத்து அவளுக்கென்று தனியாகச் செய்தேன். காக்கா "தா" என்றது, "நா" என்றது, "அட்டை" என்றது, "நாளைக்கு" என்றது. அவளும் சொன்னாள். பயிற்சிக்கு மறுபடி வர ஒப்புக்கொண்டாள். அந்த மலாய்க்காரப் பெண் காக்காயைப் பார்த்துக் கை தட்டினார். ஆனால் உதட்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டியது எதுவும் வரவில்லை. காக்காயால் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. "அம்மா" வரவில்லை. விளக்கு முன்னால் நின்று "ருகா" என்பாள். முதல் எழுத்து, 'மு', உள்ளேயே நின்றுவிடும். அவனுக்குத் தெரியாதா, யாரைக் கூப்பிடுகிறாள் என்று.

ஒற்றைச் சொல்தான் வந்தது. ஒரு சொல்லோடு இன்னொன்று சேரவில்லை. அது போகப் போகச் சேரும் என்றும் சொன்னார்கள், சேராமலும் போகலாம் என்றும் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இதழிலிருந்து ஆசிரியர் போன் செய்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், மரியாதையானவர்.

"அண்ணே, அண்ணி எப்படி இருக்காங்க? தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. தீபாவளி மலருக்கு நீங்கதாண்ணே செய்யணும். எப்பவும் போல, ஒரு பொண்ணு வெளக்கு ஏத்துற மாதிரி. அந்த முகம் வேணும்ணே. வாசகருங்க அத எதிர்பார்ப்பாங்க."

சரி என்றேன். உட்கார்ந்தேன். கை தானாகவே பழைய முகத்தைப் போட்டது. அழித்தேன். மறுபடி போட்டேன். நெற்றி, மூக்கு, விளக்கைப் பார்த்துத் தாழ்ந்த முகம் எல்லாம் வந்தது. வாய்க்கு வந்ததும் பேனா நின்றது. நேர் வாய் போட்டால் மகள் கேட்ட கேள்விதான், எந்த அம்மா. இறங்கிய வாய் போட்டால், ஊரே பார்க்கிற அட்டையில் அவளை நிறுத்தி வைத்த மாதிரி ஆகும். வாழ்நாளில் முதல் முறையாகக் கண்ணை எழுதிவிட்டு வாயை வெறுமையாக விட்டேன்.

கோல் சத்தம் கேட்டது. உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவள் அட்டைப்படம் பார்க்க வந்ததில்லை. அன்று வந்து என் பின்னால் நின்றாள். வாய் இல்லாத முகத்தைப் பார்த்தாள். கோலை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, இடது கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன்.

அவள் பேனா பிடித்துப் படம் வரைந்து நான் பார்த்ததில்லை. ஒரே கோடுதான் இழுத்தாள். ஒரு பக்கம் நேராகப் போய், மறுபக்கம் கீழே இறங்கிய கோடு. அத்தனை நாளாகக் கண்ணாடியே பார்க்காதவளுக்கு, எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சரியாகத் தெரிந்திருந்தது. பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுவாம்மா? இப்படியே அனுப்பட்டுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்தக் கோட்டை நான் தொடவில்லை. அதைச் சுற்றித்தான் நிறம் கொடுத்தேன். விளக்கின் வெளிச்சம் இறங்கிய பக்கத்துக் கன்னத்தில் விழுகிற மாதிரி செய்தேன். என் கையில் வந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று எனக்குத் தோன்றியது. கும்பிட்டு அனுப்பினேன். "கெடச்சிருச்சுண்ணே, நன்றி" என்று பதில் வந்தது.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. குளியலறைக் கண்ணாடியில் தொங்கிய துண்டு காணாமல் போனது. ஒரு காலையில் என் மேசைக்கு வந்து வட்டக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, இடது கையால் பொட்டு வைத்துக்கொண்டாள். பொட்டு கொஞ்சம் விலகிப் போனது, பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். அடுத்த வீட்டு அக்கா வந்தபோது அறைக்குள் போகவில்லை. தீபாவளி காலையில் கோயிலுக்குப் போவோமா என்று கேட்டேன். "நாளைக்கு" என்றாள். அவளுக்கு அந்தச் சொல் சரி என்பதற்கும் ஆனது. தினமும் நான் வெளியே போய் வந்தால், "அட்டை?" என்று கேட்பாள். இன்னும் வரல என்பேன்.

வந்தது. குருண் கடையில் வாங்கிச் சுருட்டி, சட்டைக்குள் செருகி, மோட்டார் சைக்கிளில் வந்தேன். வழியில் பார்க்கவில்லை. வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்று நினைத்தேன். அவள் முன்னறையில் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். மடியில் வைத்தேன். ஒரு கையால் பிரித்தாள். அவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அட்டையை அல்ல. அதனால் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அட்டையில் வாய் நேராக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஏறி, பல் வரிசை தெரிய ஒரு புன்னகை. விளக்கு நான் போட்டது, புடவை நான் போட்டது, கண் நான் எழுதியது. வாய் மட்டும் யாருடையதோ.

ஆசிரியருக்குப் போன் போட்டேன். என் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். அதை மாற்றத் தோன்றவில்லை.

"ஆமாண்ணே, சொல்லலாம்னுதான் இருந்தேன். கடைசி நேரத்துலதான் பார்த்தோம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க பாவம் ஆஸ்பத்திரி, வீடுன்னு அலையிறீங்க, கை தவறியிருக்கும்னு நெனச்சோம். உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு இங்கயே கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டோம். சட்டுன்னு முடிஞ்சிருச்சு. நல்லா வந்திருக்குல்ல?"

அவர் குரலில் அன்புதான் இருந்தது. குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்லா வந்திருக்கு தம்பி" என்றேன்.

"அண்ணிக்கும் காட்டுங்க. தீபாவளி வாழ்த்துன்னு சொல்லுங்க."

போனை வைத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மலை மறைந்துவிட்டது. அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெருவிரலால் அந்த வாயைத் தடவினாள், அழிகிறதா என்று பார்ப்பது போல. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இது நா இல்ல."

தெளிவாகச் சொன்னாள். குழறல் இல்லை. ஒரு சொல்லோடு ஒரு சொல் சேர்ந்து வந்தது. நான் தினமும் விளக்கேற்றிக் கேட்டது அதுதான், ஒரு வரி முழுசாகப் பேசட்டும் என்று. கேட்டபடியே கொடுத்துவிட்டான். அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. இதழை மூடி, அட்டை கீழே போகும்படி மேசையில் வைத்தாள்.

தீபாவளி காலையில் எண்ணெய் வைத்துவிட்டேன், புதுப் புடவை எடுத்து வைத்தேன். மகளும் மருமகனும் வந்தார்கள். கோயிலுக்கு அவர்கள் மட்டும் போனார்கள். கோயிலில் யாரோ மகளிடம், "புஸ்தகத்துல அம்மாவப் பார்த்தோம், முழுசா சொகமாயிருச்சு போல" என்று சந்தோஷமாகச் சொன்னார்களாம். மகள் என்னிடம் தனியாகத்தான் சொன்னாள். குளியலறைக் கண்ணாடிக்குத் துண்டு திரும்ப வந்துவிட்டது.

அந்த வரிக்கு அப்புறம் இன்னொரு வரி இதுவரை வரவில்லை. ஒற்றைச் சொற்களோடு இருக்கிறோம். சனிக்கிழமை காக்காயைக் கூப்பிடுகிறாள், அது வருகிறது. பொங்கல் மலருக்குக் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் கோடு இழுத்த அந்தப் படம் என் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. சில நாள் வேலைக்கு முன்னால் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.

சாயங்காலம் விளக்கேற்றும்போது கோல் ஊன்றி வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். நன்றி சொல்வதா, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பதா என்று தெரியாமல் நான் கை கூப்பி நிற்பேன். அவள் "ருகா" என்பாள். இப்போதெல்லாம் நானும் அவளோடு சேர்ந்து அப்படியே சொல்கிறேன்.